டயல் மாற்றியும் ரேஸ் விழுந்தது: என் பொக்லைன் பதின்மூன்று நாள் நின்ற கதை

2023 மே மாதம். மன்னார்குடிப் பக்கம் ஒரு வாய்க்காலில் தூர்வாரும் வேலை. மேட்டூரில் வழக்கமாக ஜூன் 12-ஆம் தேதிதான் தண்ணீர் திறப்பார்கள். ஆனால் அதற்கு முந்தைய வருஷம் மே 24-ஆம் தேதியே திறந்துவிட்டதால், இந்த முறையும் அப்படி ஆகிவிடுமோ என்று காண்ட்ராக்டர் எல்லோரையும் விரட்டிக்கொண்டிருந்தார். என் வண்டி 20 டன் பொக்லைன். செகண்ட் ஹேண்டில் வாங்கியது, ஹவர் மீட்டர் 7,400-ஐத் தாண்டியிருந்தது. முன்பணத்துக்கு வீட்டில் இருந்த நகையெல்லாம் அடகுக்குப் போயிருந்தது. டீசல் காண்ட்ராக்டர் பொறுப்பு, மணிக்கு 1,100 ரூபாய் வாடகை, நாளைக்குப் பத்து மணி நேரம் ஓட்டம். அந்த சீசன் நன்றாக ஓடினால் ஒரு வளையலையாவது மீட்டுவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

மே 8, மதியம் சாப்பாட்டுக்கு முன்னால் ஆபரேட்டர் தம்பி போன் செய்தான். “அண்ணே, ரேஸ் திடீர்னு விழுந்துடுது. பக்கெட்ல லோடோட பூம் தூக்குறப்பதான் விழுது. சாவிய அணைச்சுப் போட்டா சரியாயிடுது.” ரேஸ் என்பது இன்ஜின் சுழலும் வேகம், பூம் என்பது பக்கெட்டைத் தூக்கும் பெரிய கை. அவன் சொன்ன இந்த மூன்று வாக்கியங்களில் பழுது முழுவதும் இருந்தது. அது எனக்கு விளங்கப் பதினைந்து நாள் ஆனது. அன்று நான் கேட்ட ஒரே கேள்வி, “வண்டியத் தண்ணி அடிச்சுக் கழுவினியா?” என்பதுதான். அவன் கழுவியிருந்தான். அதோடு முடிவுகட்டிவிட்டேன், இது அவன் செய்த வேலை என்று. போனிலேயே கண்டபடி திட்டினேன். இதை எழுதும்போதும் அது உறுத்துகிறது.

நேரில் போய்ப் பார்த்தேன். நிமிடத்துக்கு 1,800 சுற்றுக்கு (ஆர்.பி.எம்.) மேல் ஓடிக்கொண்டிருந்த இன்ஜின், லோடோடு பூம் ஏறும்போது சட்டென்று ஆயிரத்துக்கு இறங்கி அங்கேயே நின்றது. கேபினில் ரேஸை ஏற்றி இறக்கும் திருகுதான் டயல், அதை எவ்வளவு திருப்பினாலும் ரேஸ் அசையவில்லை. மானிட்டரில் மஞ்சள் விளக்கு, கூடவே ஒரு கோடு (code), அதாவது பழுதைக் குறிக்கும் எண். சாவியை அணைத்துப் போட்டால் மறுபடி டயல் சொன்னபடி கேட்டது. பக்கத்தில் வேலை பார்த்த வண்டியின் மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு டீசல் அடைப்பு என்றார். லோடு ஏறும்போது விழுகிறதல்லவா, கேட்க நியாயமாகத்தான் இருந்தது. இரண்டு டீசல் ஃபில்டரையும் மாற்றி, டேங்கைக் கழுவி, 7,800 ரூபாய். அடுத்த நாள் காலையில் நன்றாக ஓடியது, மதியம் விழுந்தது. அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்றும் நடந்தது. அவர் போவதற்கு முன் மானிட்டரில் இருந்த கோடுகளையெல்லாம் அழித்துவிட்டார். “க்ளியர் பண்ணிட்டேன், இனிமே வராது” என்றார். எத்தனை கோடு இருந்தது, எது முதலில் வந்தது, எத்தனை தடவை வந்தது என்று யாருக்கும் தெரியாமல் போனது.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். டீசல் குறைந்தால் இன்ஜின் மூச்சுத் திணறுவது போல இறங்கும், புகை மாறும், லோடை விட்டதும் மெதுவாக மீண்டு வரும். சுவிட்சைத் தட்டியது போல ஒரே வீச்சில் விழுந்து, ஒரு குறிப்பிட்ட ஆர்.பி.எம்.மில் சீராக நின்றால், அது கன்ட்ரோலர், அதாவது வண்டிக்குள் இருக்கும் கணினி, தானாக எடுத்த முடிவு என்று சந்தேகப்பட வேண்டும். இந்த மாதிரி வண்டிகளில் டயலுக்கும் இன்ஜினுக்கும் நடுவில் கேபிள் எதுவும் கிடையாது. டயலுக்குள் இருப்பது ரேடியோவின் வால்யூம் திருகுபோல ஒரு சின்ன மின்தடைதான். அதற்கு மூன்று ஒயர்: ஒன்றில் 5 வோல்ட் வருகிறது, ஒன்று எர்த், நடுவில் இருக்கும் சிக்னல் ஒயர் டயல் நிற்கும் இடத்துக்கு ஏற்ற வோல்ட்டைத் திருப்பி அனுப்புகிறது. என் வண்டியில் ஸ்லோவில் 0.6, முழு ரேஸில் 4.3. இந்த எல்லைக்கு வெளியே போனால் கன்ட்ரோலர் டயலை நம்புவதை நிறுத்திவிட்டு, பாதுகாப்புக்காக ரேஸைக் குறைத்து வைத்துக்கொள்கிறது. சாவியை அணைத்துப் போடும் வரைக்கும் அப்படியே இருக்கும்.

இது தெரியாததால் அடுத்த தப்பு நடந்தது. மறுபடி வந்த கோடை போட்டோ எடுத்துத் தெரிந்த ஒருவருக்கு அனுப்பினேன். “த்ராட்டில் சென்சார் வோல்டேஜ் லோ, டயல் போச்சு” என்றார். டயலிலிருந்து வரும் வோல்ட் குறைவு என்று அர்த்தம். திருச்சிக்குச் சொல்லிவிட்டுக் காத்திருந்து 16,400 ரூபாய்க்குப் புது டயல் வாங்கி, மே 12 சாயங்காலம் மாட்டினோம். 13-ஆம் தேதி முழுக்க ஒரு தடவைகூட விழவில்லை. அன்று ராத்திரி எவ்வளவு நிம்மதியாகத் தூங்கினேன் என்று சொல்ல முடியாது. 14-ஆம் தேதி மதியம் கத்திரி வெயிலில் மறுபடி ஆயிரத்தில் வந்து நின்றது. டயலைத் திருப்பிக் கொடுக்கலாமா என்று கேட்டால், எலக்ட்ரிக்கல் ஐட்டம் ரிட்டர்ன் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள்.

கோடு சொல்வது பழுதான பாகத்தின் பெயரை இல்லை. எந்த ஒயரில் வோல்ட் தப்பாக வந்தது என்பதை மட்டும்தான் அது சொல்கிறது. பல வண்டிகளில் எஸ்.பி.என். 91 என்று காட்டும். எஸ்.பி.என். என்பது எந்த சிக்னல் என்று சொல்லும் எண், 91 என்றால் ஆக்ஸிலேட்டர் சிக்னல். என்ன மாதிரிக் கோளாறு என்று சொல்வது கூடவே வரும் எஃப்.எம்.ஐ. எண், அதைத்தான் கவனிக்க வேண்டும். 4 என்றால் வோல்ட் இருக்கவேண்டியதைவிடக் குறைவு. சிக்னல் ஒயர் பாடியில் உரசியிருக்கலாம், அல்லது டயலுக்கு வரவேண்டிய 5 வோல்ட்டே வராமல் இருக்கலாம். 3 என்றால் அதிகம். சிக்னல் ஒயர் 5 வோல்ட் ஒயரோடு சேர்ந்திருக்கலாம், அல்லது டயலின் எர்த் அறுந்திருக்கலாம். எர்த் போனால் சிக்னல் 5 வோல்ட்டுக்கு ஏறிவிடும். 2 என்றால் நிலையில்லாமல் துள்ளுகிறது, கப்ளர் (ஒயர்களை இணைக்கும் சொருகி) தளர்ச்சியையோ டயலின் உள்தேய்மானத்தையோ முதலில் பார்க்கலாம். சில கம்பெனி வண்டிகள் இந்த எண்களுக்குப் பதிலாகத் தங்கள் சொந்தக் கோடைக் காட்டும், ஆனால் உள்ளே இருக்கும் விஷயம் இதுதான். டயலே போயிருப்பது இத்தனை காரணங்களில் ஒன்று, அவ்வளவுதான்.

அடுத்து ஸ்கேனர் கொண்டு வந்தவர்கள். இரண்டு தடவை வந்ததற்கு 7,000. நிறுத்தி வைத்த வண்டியில் சாவியை மட்டும் போட்டு, டயலைத் திருப்பி, எல்லாம் சரியாக இருக்கிறது என்று காட்டினார்கள். உண்மையிலேயே சரியாகத்தான் இருந்தது. நின்ற வண்டியில் அந்தப் பழுது வராது. சென்சார் புதுசு, சிக்னல் சரி, அப்படியானால் இன்ஜினை இயக்கும் கணினியான ஈ.சி.எம். போய்விட்டது என்று தீர்ப்புச் சொன்னார்கள். புதுசு ஒன்றே முக்கால் லட்சத்துக்கு மேல் ஆகும் என்றதும் எனக்குக் கைகால் ஓடவில்லை. அன்று ராத்திரி வாய்க்கால் கரையில் வண்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்குப் போனால் கேட்பார்கள், என்ன சொல்வது? காண்ட்ராக்டர் போன் செய்தபோது நாளைக்குச் சரியாகிவிடும் என்று நாலாவது தடவையாகப் பொய் சொன்னேன். மறுநாள் இன்ஜினின் ஈ.சி.எம்.மைக் கழற்றி டெஸ்ட்டுக்குச் சென்னை அனுப்பினேன். போக்குவரத்து, டெஸ்ட், கழற்றி மாட்டிய கூலி எல்லாம் சேர்த்து 12,500. நன்றாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பினார்கள். மே 20 சாயங்காலம் மாட்டி, 21 மதியம் விழுந்தது.

அப்புறம்தான் தெரிந்தது, என் வண்டியில் டயலின் ஒயர் இன்ஜின் ஈ.சி.எம்.முக்குப் போவதே இல்லை. சீட்டுக்குப் பின்னால் இருக்கும் வண்டியின் கன்ட்ரோலருக்குப் போகிறது. அதுதான் டயலைப் படித்து, இன்ஜினுக்கு எவ்வளவு ரேஸ் வேண்டும் என்று செய்தி அனுப்புகிறது. பல பொக்லைன்களில் இப்படித்தான். ஒயரிங் டயக்ராமில் ஒரே ஒரு பக்கத்தைப் பார்த்திருந்தால் அந்த 12,500-ம், ஈ.சி.எம். இல்லாமல் வண்டி நின்ற நாட்களும் மிஞ்சியிருக்கும். உங்கள் வண்டியின் மாடல் எண்ணையும் சீரியல் எண்ணையும் வைத்து டயக்ராமை இப்போதே வாங்கிப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். பழுதான அன்று தேடினால் கிடைக்காது.

22-ஆம் தேதி திருச்சியிலிருந்து ஒரு பெரியவரைப் பிடித்தோம். அறுபது வயதிருக்கும், கனரக வண்டி ஒயரிங் மட்டும் பார்ப்பவர். மறுநாள் காலையில் வந்ததும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நேராகத் தம்பியிடம் போய், “நீதானே ஓட்டுற? எப்பப்ப விழுது, சொல்லு” என்றார். அவன் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, முதல் நாள் என்னிடம் சொன்னதையே சொன்னான். கூடவே இன்னொன்றும் சொன்னான்: பூம் சும்மா தூக்கினால் விழுவதில்லை, ஈர மண் லோடோடு தூக்கினால்தான், அதுவும் வண்டி சூடான பிறகுதான். பெரியவர் தலையாட்டிக்கொண்டே பையிலிருந்து மல்டிமீட்டரை எடுத்தார்.

அவர் செய்ததை விவரமாகச் சொல்கிறேன், இதை யார் வேண்டுமானாலும் செய்யலாம். டயலின் கப்ளரைக் கழற்றவில்லை. மாட்டியிருக்கும்போதே அதன் பின்பக்கம், ஒயர் நுழையும் ரப்பர் வழியாக மெல்லிய ஊசியை நுழைத்து உள்ளே இருக்கும் உலோகப் பின்னை (pin) தொட்டார். ஒயரின் தோலைக் குத்தவில்லை. குத்திய இடத்தில் ஈரம் இறங்கி ஆறு மாதத்தில் அங்கே பச்சை பூத்துவிடும் என்றார். முதலில் எர்த்: கறுப்பு முனையை பேட்டரி நெகட்டிவில் வைத்து, சிவப்பு முனையை டயலின் எர்த் பின்னில் வைத்தால் 0.1 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். 0.02 காட்டியது, சரி. அடுத்து 5 வோல்ட் ஒயர்: 5.01. டயலை மெதுவாகச் சுற்றச் சொல்லி சிக்னலைப் பார்த்தார், நடுவில் எங்கும் குதிக்காமல் ஏறியது. இதுவரைக்கும் ஸ்கேனர்காரர்கள் சொன்னதுதான். பிறகு மீட்டரை மறுபடி 5 வோல்ட் ஒயரில் மாட்டி, மிகக் குறைந்த அளவைப் பதிவு செய்து வைக்கும் மின்/மேக்ஸ் பட்டனை அழுத்தி, கேபினுக்குள் டேப் போட்டு ஒட்டிவிட்டு, “போய் மண்ணை அள்ளு” என்றார்.

ஒன்றே கால் மணி நேரம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு விழுந்தது. ஓடிப்போய்ப் பார்த்தோம். மீட்டரில் குறைந்தபட்சம் 0.4 என்று நின்றது. டயலுக்கு வருகிற 5 வோல்ட்டே ஒரு கணம் படுத்துவிட்டது. பழைய டயலுக்கும் புது டயலுக்கும் இதில் ஒரு பங்கும் இல்லை.

பெரியவர் டயக்ராமை விரித்து விரல் வைத்துக் காட்டினார். கன்ட்ரோலரிலிருந்து கிளம்பும் அந்த 5 வோல்ட் ஒயர் டயலுக்கு மட்டும் போகவில்லை. பிரிந்து, பின்னால் ஹைட்ராலிக் பம்ப் இருக்கும் அறையான பம்ப் ரூமில் உள்ள இரண்டு பிரஷர் சென்சார்களுக்கும் போகிறது. அங்கே எங்காவது எர்த் ஆனால் இங்கே கேபினில் டயல் செத்துப்போகும். அழிக்கப்பட்ட கோடுகளில் பம்ப் பிரஷர் சென்சார் கோடும் இருந்ததா என்று தம்பியைக் கேட்டார். “வேற ஒண்ணும் கூடவே வந்துச்சுங்க. இவங்க த்ராட்டில் கோடை மட்டும்தான் பார்த்தாங்க” என்றான். இரண்டு கோடுகள் ஒரே நேரத்தில் வந்தால், அந்த இரண்டுக்கும் பொதுவாக என்ன ஒயர் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். எதையும் அழிக்கும் முன் எல்லாக் கோடுகளையும், வந்த தடவை எண்ணிக்கையோடும் ஹவர் மீட்டர் நேரத்தோடும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் பிரஷர் சென்சாரின் கப்ளரைக் கழற்றிவிட்டு ஓட்டினோம், விழுந்தது. இரண்டாவதையும் கழற்றினோம், அப்போதும் விழுந்தது. எனக்கு மறுபடி நெஞ்சு அடைத்தது. பெரியவர் பதறவில்லை. சென்சார் கெட்டிருந்தால் கழற்றியதும் சரியாகியிருக்கும், ஆகவில்லை என்றால் அதுவரைக்கும் வரும் ஒயரில் கோளாறு இருக்கலாம் என்றார். பம்ப் ரூம் ஒயரிங் மெயின் ஒயரிங்கோடு சேரும் நடு கப்ளரைக் கழற்றினார். வண்டி மந்தமாக வேலை செய்தது, பிரஷர் சென்சார் கோடுகள் வந்தன, ஆனால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டியும் ரேஸ் விழவில்லை. மீட்டரில் குறைந்தபட்சம் 4.98. நடு கப்ளருக்கும் பம்ப்புக்கும் இடையில் இருக்கும் ஒன்றரை மீட்டர் ஒயருக்குள் பழுதை அடக்கிவிட்டோம்.

இன்ஜினை அணைத்து, பிரஷரை இறக்கி, சூடு ஆறிய பிறகுதான் பம்ப் ரூமைத் திறந்தார். இன்ஜின் ஓடும்போது அங்கே கைவிட்டு ஒயரை ஆட்டிப் பார்க்கும் ஆட்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள். அங்கே இருக்கும் ஆயில் ஹோஸ்களில் (ரப்பர் குழாய்களில்) லோடில் 300 பாருக்கு மேல் பிரஷர் இருக்கும், ஊசிமுனை ஓட்டையில் பீய்ச்சும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். கையையே எடுக்க வேண்டிவரலாம்.

ஒயர்களின் மேல் இருந்த வரிவரியான பிளாஸ்டிக் குழாய், பிரஷர் ஹோஸுக்கும் ஒரு இரும்பு பிராக்கெட்டின் விளிம்புக்கும் நடுவில் சிக்கிப் பாதி தேய்ந்திருந்தது. அதைப் பிளந்ததும் உள்ளே ஒரு ஒயரில் நெல்மணி அளவுக்குச் செம்பு பளபளத்தது. பிராக்கெட்டிலும் அதே இடத்தில் பெயின்ட் போய் மினுங்கியது. லோடோடு பூம் தூக்கும்போது பிரஷர் ஏறி ஹோஸ் விறைத்து ஒரு சின்ன உதறு உதறும். அந்த உதறலில் ஒயர் பிராக்கெட்டில் அழுந்தும். சூட்டில் பிளாஸ்டிக் இளகியிருந்தால் இன்னும் நன்றாக அழுந்தும். தம்பி முதல் நாள் சொன்னது எழுத்துக்கு எழுத்து இதுதான். மூன்று மாதத்துக்கு முன் ஒரு ஹோஸ் வெடித்து மாற்றியபோது, ஒயரைத் தள்ளிப் பிடிக்கும் ரப்பர் வைத்த கிளாம்ப்பைத் திருப்பி மாட்டாமல், பிளாஸ்டிக் டை போட்டு விட்டிருக்கிறார்கள். சூட்டில் அந்த டை உடைந்து கீழே கிடந்தது. ஒவ்வொரு ரிப்பேருக்கும் பிறகு அரை நாளோ ஒரு நாளோ ஓடியதற்கும் காரணம் புரிந்தது. வண்டி ஆறியிருந்தது, பேட்டரியைக் கழற்றி மாட்டியதில் கன்ட்ரோலர் புதிதாகத் தொடங்கியது. நாங்கள் மாற்றிய பாகத்தால்தான் சரியானது என்று நம்பிவிட்டோம்.

தேய்ந்த இடத்தை வெட்டி, அதே தடிமனில் புது ஒயர்த் துண்டு வைத்து, உள்ளே பசை உள்ள ஸ்லீவ் போட்ட கிரிம்ப் ஜாயின்ட் (நசுக்கி இணைக்கும் உலோகக் குழல்) அடித்தார். முறுக்கி டேப் சுற்றுவது இந்த இடத்தில் ஒரு மழைக்குத் தாங்காது. ஈயம் வைத்தால் அந்த இடம் விறைப்பாகி, அதிர்வில் அதன் ஓரத்தில் ஒடியும் என்றார். புதுக் குழாய், ரப்பர் கிளாம்ப், ஹோஸிலிருந்து இரண்டு விரல் இடைவெளி. அவர் கூலி 4,500, சாமான் 650.

எல்லா வண்டியிலும் 5 வோல்ட் ஒயரே காரணமாக இருக்காது. பழைய வண்டிகளில் டயல் ஒரு சின்ன மோட்டாரை ஓட்டி, அது கம்பி வழியாக டீசல் பம்பின் லிவரை இழுக்கும். அங்கே கம்பித் தளர்ச்சியையும் மோட்டாருக்குள் இருக்கும் நிலை காட்டும் சென்சாரையும் பார்க்க வேண்டும். சில வண்டிகளின் த்ராட்டில் சென்சார் வோல்ட்டுக்குப் பதிலாக பல்ஸ் (விட்டுவிட்டு வரும் துடிப்பு) அனுப்பும், அதற்கு டியூட்டி சைக்கிள், அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் எத்தனை சதவீத நேரம் வோல்ட் இருக்கிறது என்று காட்டும் மீட்டர் வேண்டும், சாதா வோல்ட் அளவு குழப்பிவிடும். வயல் ஓரம் நிற்கும் வண்டி என்றால் எலி கடித்திருக்கிறதா என்று கேபின் தரைவிரிப்பை ஒரு தடவை தூக்கிப் பாருங்கள். எதுவானாலும் வரிசை ஒன்றுதான்: கோடுகளைப் பதிந்து வைப்பது, எர்த், சப்ளை, சிக்னல், அதுவும் பழுது வருகிற அதே நிலையில் வண்டியை ஓட்டிக்கொண்டே அளப்பது. பாகம் வாங்குவது இதற்கெல்லாம் பிறகு.

தேவையில்லாமல் செலவானது 43,700. ஓடாத பொழுதுகளைக் கூட்டினால் பதின்மூன்று நாள், வாடகை 1,43,000. எனக்கு ஒதுக்கிய கடைசி நீளத்தை வேறு வண்டி வைத்து முடித்துக்கொண்டார்கள், வளையல் அந்த வருஷமும் அடகுக் கடையிலேயே இருந்தது. மேட்டூர் அந்த முறை வழக்கம்போல ஜூன் 12-ஆம் தேதிதான் திறந்தது.

23-ஆம் தேதி ராத்திரி பெரியவரை பஸ் ஏற்றிவிட்டு வந்து, தம்பியிடம் உன் மேல் தப்பே இல்லை, நீ சொன்னதை நான்தான் கேட்கவில்லை, மன்னித்துவிடு என்றேன். அவனுக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “கிளாம்ப்பு டைட்டா இருக்கான்னு ஒருவாட்டி பாத்துடட்டுமாண்ணே?” என்று டார்ச்சை எடுத்துக்கொண்டு பம்ப் ரூம் பக்கம் போனான்.